பேசும் முன் எழுதுங்கள்: கூடி யோசிப்பது பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. டிசைன் ஸ்டுடியோ, தேன் விற்கும் மகளிர் குழு, தேவாலய இளைஞர்கள், தங்கும் விடுதி என்று ஆட்கள் வேறு வேறு. நோவு மட்டும் ஒன்றுதான்: கூட்டம் போடுகிறோம், ஒன்றிரண்டு பேர் பேசுகிறார்கள், மற்றவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நாங்கள் ஏழு பேர் வேலை செய்யும் டிசைன் ஸ்டுடியோ. வாரம் ஒரு முறை பிரெயின்ஸ்டார்மிங் (எல்லாரும் கூடி ஐடியா சொல்லும் கூட்டம்) வைக்கிறோம். நானும் சீனியர் டிசைனரும்தான் பேசுகிறோம். மற்ற ஐந்து பேரும் "அண்ணன் சொன்னது நல்லாருக்கு" என்பதோடு சரி. ஒரு மணி நேரத்தில் பத்து ஐடியாவைத் தாண்டுவதில்லை. பையன்களுக்குக் கற்பனை போதவில்லையா, எனக்கு நடத்தத் தெரியவில்லையா?
– வாசகர், நாகர்கோவில்

இரண்டும் இல்லை. எல்லாவற்றையும் வாயாலேயே நடத்துவதுதான் கோளாறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 பேர், 60 நிமிஷம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சமமாகப் பங்கிட்டாலே ஆளுக்கு எட்டரை நிமிஷம்தான் வரும். மீதி நேரம் முழுக்க அந்தப் பையன் தன் மனதில் தோன்றியதை மறக்காமல் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு, எப்போது இடைவெளி கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். இவ்வளவையும் சுமக்கிற மூளையில் இன்னொரு புது யோசனை முளைக்க இடம் ஏது? முறை வரும்போது பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். 'சரி, விடு' என்று விழுங்கிவிடுவான்.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்ன்தான் பிரெயின்ஸ்டார்மிங்கை உலகத்துக்குப் பழக்கியவர். நிறையச் சொல், குறை சொல்லாதே, கிறுக்குத்தனமானதையும் சொல், அடுத்தவர் சொன்னதோடு சேர்த்துக் கட்டு என்று நான்கு விதிகள் வைத்தார். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைத்ததில் கிடைத்ததைவிட, நான்கு பேரைத் தனித்தனியாக யோசிக்கவிட்டு, ஒன்றுபோல் வந்ததைக் கழித்துவிட்டுச் சேர்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஐடியா கிடைத்தது. காரணத்தை 1987-ல் மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஷ்ட்ரோப என்ற இருவர் பிரித்துப் பார்த்தார்கள். சோம்பலும் கூச்சமும் கொஞ்சம் இருந்தன. பெரிய காரணம், தன் முறைக்காகக் காத்திருப்பதுதான்.

ஆகவே காத்திருப்பை ஒழியுங்கள். உங்கள் ஏழு பேருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு முறை இருக்கிறது. 1968-ல் ஜெர்மனியில் பெர்ண்ட் ரோர்பாக் உருவாக்கிய 6-3-5 முறை: 6 பேர், ஆளுக்கு 3 ஐடியா, 5 நிமிஷம். நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். மற்ற ஆறு பேரும் எழுதட்டும்.

ஆளுக்கு ஓர் ஏ4 தாளைப் படுக்கைவசமாக வையுங்கள். மேலே கேள்வியை எழுதி, கீழே மூன்று பத்தியும் ஆறு வரிசையும் கோடு போட்டால் 18 கட்டம் வரும். முதல் 5 நிமிஷத்தில் ஒவ்வொருவரும் முதல் வரிசையின் மூன்று கட்டத்தை நிரப்புகிறார்கள். பேச்சு கிடையாது. மணி அடித்ததும் தாள் வலப்பக்கம் நகரும். வந்த தாளைப் படித்து, மேலே இருப்பதை வளர்த்தோ, அதிலிருந்து விலகியோ அடுத்த வரிசையில் மூன்று எழுத வேண்டும். ஆறு சுற்று முடிந்தால் 30 நிமிஷத்தில் 108 கட்டம். அதில் ஒன்றுபோல் இருப்பவை நிறைய வரும், பரவாயில்லை.

கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காட்டினால்தான் விளங்கும். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கடைக்காரர் ஒருவர், "ஊருக்கு வந்து போகிறவர்கள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பரிசாகக் கொண்டுபோகிற மாதிரி பாக்கெட் வேண்டும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் எழுதுகிறார்: "பாக்கெட்டின் பின்பக்கம் பெயர் எழுத ஓர் இடம் விடலாம்." இரண்டாமவர்: "மொய்க் கவர் மாதிரி 'யாருக்கு, யார் கொடுத்தது' என்று இரண்டு கோடு." மூன்றாமவர்: "ஒரு வீட்டுக்கு மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள், ஐந்து சிறு பாக்கெட், ஒரே பெட்டி." நான்காமவர்: "பெட்டிக்குள் ஒட்டுச்சீட்டு வைக்கலாம்: பெரியப்பா வீடு, அத்தை வீடு, மாமா வீடு, பக்கத்து பிளாட்." முதல் ஐடியா சாதாரணம். நான்காவது கடையில் விற்கும். கூட்டத்தில் வாயால் பேசியிருந்தால் முதல் ஐடியாவுக்கு "அது எல்லாரும் செய்றதுதானே" என்ற பதிலோடு கதை முடிந்திருக்கும்.

தவறும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். 'கலர்ஃபுல்', 'டிரெண்டி' என்று ஒற்றைச் சொல் எழுதினால் அடுத்தவர் அதன்மேல் எதையும் கட்ட முடியாது. வினைச்சொல்லோடு ஒரு முழு வாக்கியம் கேளுங்கள். கையெழுத்து புரியாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். நீல பால்பாயிண்டை விடக் கறுப்பு ஜெல் பேனா தெளிவு. நான்காவது சுற்றுக்கு மேல் படிக்க வேண்டியது கூடுவதால் 5 நிமிஷம் போதாது. முதல் இரண்டு சுற்றை 4 நிமிஷத்தில் முடித்து, கடைசி இரண்டுக்கு 6 கொடுங்கள். சீனியரின் தாளைப் பார்த்ததும் ஜூனியர் அவருக்கு ஒத்து ஊதுவது போல எழுதுகிறானா? தாளில் பெயர் போடாதீர்கள். முதல் சுற்று முடிந்ததும் தாள்களை நீங்களே வாங்கி, கலைத்துக் கொடுத்துவிடுங்கள்.

எங்களுடையது மார்த்தாண்டம் பக்கம் தேன் விற்கும் மகளிர் குழு. புது லேபிளுக்காக, டிசைன் படிக்கும் நாலு பிள்ளைகளையும் எங்கள் ஆட்களையும் சேர்த்து உட்கார வைத்தோம். "புது ஐடியா சொல்லுங்க" என்றால் எல்லாரும் தேனீ, தேன்கூடு, பூ என்றுதான் சொல்கிறார்கள். எப்படிக் கேட்டால் புதிதாக வரும்?
– வாசகி, மார்த்தாண்டம்

கேள்வியை மாற்றுங்கள் அக்கா, ஆட்களை மாற்ற வேண்டாம். 'புது ஐடியா' என்று கேட்டால் மூளை, கைக்கு எட்டிய முதல் படத்தை எடுத்துக் கொடுக்கும். தேன் என்றால் தேனீ. அது அவர்கள் தப்பில்லை.

நல்ல கேள்வியில் மூன்று இருக்க வேண்டும்: யார், எந்த நேரத்தில், என்ன சிக்கல். அதைக் கண்டுபிடிக்க, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து விற்கிறவர்கள் காதில் விழுவதை ஒரு நோட்டில் குறித்துவரட்டும். வாடிக்கையாளர் சொன்ன சொல்லிலேயே குறிக்க வேண்டும். தேன் விற்கிற எவருக்கும் பழக்கமான ஒரு புகார் கட்டாயம் அதில் இருக்கும்: "அடியில கட்டி கட்டியா உறைஞ்சிருக்கு, சீனி கலந்திருக்கீங்க." நல்ல தேனிலும் குளுக்கோஸ் தானாக உறையும் என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கிப்போனவர் வீட்டுச் சமையலறையில் நீங்கள் இல்லை, பாட்டில்தான் இருக்கிறது.

இப்போது கேள்வி தானாக வந்துவிட்டது: "உறைந்த தேனைப் பார்த்துச் சந்தேகப்படுகிற வாடிக்கையாளருக்கு, நாம் பக்கத்தில் இல்லாதபோது, பாட்டிலே பதில் சொல்ல என்னென்ன செய்யலாம்?" இந்தக் கேள்விக்கு யாரும் தேனீ வரைய மாட்டார்கள். மூடியில் எழுதலாம் என்பார் ஒருவர். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் இளகும் என்பதை மூன்று சிறு படமாக லேபிளில் போடலாம் என்பார் இன்னொருவர். அடியில் உறைந்தால் மட்டும் கண்ணில் படுகிற உயரத்தில் ஒரு கோடு போட்டு, 'இது வரை உறைவது இயல்பு' என்று எழுதலாம் என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். ரப்பர் தோட்டத்துத் தேன் என்றால் அந்தத் தோட்டத்தின் பெயரையே போடலாம் என்று வேறொருவர் வேறு பாதையில் போவார்.

கேள்வி ரொம்ப அகலமாக இருந்தால் பொதுவான பதில்தான் வரும். ரொம்பக் குறுகினால், உதாரணமாக "லேபிளில் எந்த நிறம்?" என்றால், அது தேர்வுத்தாள் ஆகிவிடும். சரியான அகலமா என்று பார்க்க எளிய வழி, கூட்டத்துக்கு முந்தைய நாள் நீங்கள் ஒருத்தியே உட்கார்ந்து 5 நிமிஷம் எழுதிப் பார்ப்பது. ஐந்தாறு பதில், ஒன்றுக்கொன்று வேறுபட்டதாக வந்தால் கேள்வி சரி. இரண்டோடு நின்றால் அகலப்படுத்துங்கள். இருபது வந்து, எல்லாம் விளம்பர வாசகம் மாதிரி இருந்தால் குறுக்குங்கள்.

மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு இருப்பதையும், லேபிளில் சட்டப்படி இருக்க வேண்டியவற்றையும் கூட்டத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி மேசை நடுவில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் "அதைப் போடலாமா, இதைப் போடலாமா" என்பதிலேயே கழிந்துவிடும்.

'எந்த ஐடியாவையும் குறை சொல்லக் கூடாது' என்கிறார்கள். நடக்காத காரியம் என்று கண்முன் தெரியும்போதும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?
– வாசகர், தக்கலை (குறும்படம், விளம்பரப் படம் எடுக்கும் குழு)

நியாயமான கேள்வி. இந்த விதியை வேதம் மாதிரி பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. 2004-ல் சார்லன் நெமெத் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் செய்த சோதனையில், 'விவாதம் செய்யுங்கள், குறையும் சொல்லலாம்' என்று சொல்லப்பட்ட குழுக்கள் பின்தங்கிப் போகவில்லை; இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஐடியா கொடுத்தன.

ஆனால் நம் ஊர் கூட்டத்தில் ஒன்றைக் கவனியுங்கள். குறை எந்தத் திசையில் ஓடுகிறது? டைரக்டர் உதவி டைரக்டரைச் சொல்வார். மூத்தவர் இளையவரைச் சொல்வார். தண்ணீர் மாதிரி கீழ்நோக்கியே ஓடும். இளையவர் திருப்பிச் சொன்னால் அது விவாதம் ஆகாது, மரியாதைக் குறைவு ஆகிவிடும். அதனால், சமமாக விவாதம் செய்து பழகாத குழுவுக்கு ஆஸ்பர்னின் விதியே நல்லது என்பது எங்கள் கருத்து. முழுக் கூட்டத்துக்கும் வேண்டாம். முதல் பாதிக்கு மட்டும். நடுவில் ஒரு டீ இடைவேளை வையுங்கள். அதற்கு முன் சேர்ப்பது, அதற்குப் பின் சல்லடை.

முதல் பாதியில் நடக்காத காரியம் என்று தோன்றினால் அதை ஒரு கேள்வியாக மாற்றித் தாளில் எழுதுங்கள். "கடலுக்குள் டிரோன் விட்டால் காற்றில் போய்விடும்" என்று நிறுத்தாமல், "காற்றில்லாமல் அதே உயரம் எங்கிருந்து கிடைக்கும்?" என்று எழுதினால், யாராவது கலங்கரை விளக்கத்தையோ முட்டத்துப் பாறையையோ நினைப்பார்கள். சொற்களைவிட முகமும் கையும்தான் அதிகம் கெடுக்கும். உச்சுக் கொட்டுவது, போனை எடுத்துப் பார்ப்பது, இளையவர் பேசும்போது பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிப்பது. இவற்றைத் தடுக்கத்தான் பேசாமல் எழுதச் சொல்கிறோம்.

கிறிஸ்மஸ் குடில் அமைக்க எங்கள் பங்கு இளைஞர்கள் 25 பேர் கூடுவோம். ஃபாதரும் இருப்பார். கடைசியில் போன வருஷம் செய்ததையே கொஞ்சம் பெரிதாகச் செய்வோம். இத்தனை பேரை வைத்து உருப்படியாக யோசிக்க முடியுமா?
– வாசகர், குளச்சல்

25 பேர் ஒரே வட்டமாக உட்கார்ந்தால் முடியாது. ஐந்து மேசை, மேசைக்கு ஐந்து பேர் என்றால் தாராளமாக முடியும். நண்பர்கள் தாங்களாகவே சேர்ந்து உட்கார விடாதீர்கள். வாசலில் வரும்போதே 1, 2, 3, 4, 5 என்று எண்ணி மேசைக்கு அனுப்புங்கள். எலெக்ட்ரிக் வேலை தெரிந்தவர், தச்சு வேலை தெரிந்தவர், போன வருஷம் பொருள் வாங்கப் போனவர் ஆகியோர் ஒரே மேசையில் குவியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செய்கிற கை இல்லாத மேசையில் செய்ய முடியாத குடில்தான் பிறக்கும்.

ஃபாதரைப் பற்றிச் சொல்லத் தயங்க வேண்டாம். அவர் உட்கார்ந்திருந்தால் எல்லாரும் அவருக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள். அது அவர் மேல் உள்ள மரியாதை. அதனால் முன்கூட்டியே அவரிடம் போய், "ஃபாதர், தொடக்கத்தில் ஜெபம் சொல்லி, கேள்வியையும் எல்லைகளையும் நீங்களே அறிவியுங்கள். 50 நிமிஷம் கழித்து வந்து பாருங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். எல்லைகள் என்று நாங்கள் சொல்வது: இத்தனை ரூபாய்க்குள், இத்தனை அடி அகலத்துக்குள், தெர்மாகோல் வேண்டாம், டிசம்பர் மழையிலும் கடல் காற்றிலும் இரண்டு வாரம் நிற்க வேண்டும். எல்லை குறைந்தால் கற்பனை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறாகத்தான். 'காற்றில் நிற்க வேண்டும்' என்றவுடன் வலை, கயிறு, வள்ளத்தின் பலகை என்று கடற்கரைப் பொருள்கள் எல்லாம் குடிலுக்குள் வர ஆரம்பிக்கும்.

முதல் 5 நிமிஷம் ஆளுக்கு நான்கு துண்டுச்சீட்டு, ஒரு சீட்டில் ஒரு ஐடியா, பேசாமல் எழுதுவது. பிறகு மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் ஒரு சீட்டைப் படித்து நடுவில் வைப்பார். ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒன்றுதான், கருத்துச் சொல்லக் கூடாது. நான்கு சுற்றில் 20 சீட்டும் நடுவில் வந்துவிடும். இந்த 'ஆளுக்கு ஒன்று' ஒழுங்கு, 1971-ல் டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் எழுதிவைத்த முறையில் வருவது. வாயாடியையும் ஊமையையும் ஒரே தட்டில் வைக்கிற தராசு அது. அடுத்த 15 நிமிஷம் மேசைக்குள் பேசி, சீட்டுகளைச் சேர்த்து, நான்கு முழு ஐடியாவாக்கிச் சார்ட் தாளில் ஒட்டட்டும். மொத்தம் 20. எல்லாரும் சுவரோரமாக நடந்து படிப்பார்கள், ஆளுக்கு மூன்று ஸ்கெட்ச் புள்ளி வைப்பார்கள். ஃபாதர் வரும் நேரம் இதுதான்.

'போன வருஷம் மாதிரியே' என்பதற்கு ஒரு வைத்தியம் உண்டு. போன மூன்று வருஷக் குடில் படங்களைத் தொடக்கத்திலேயே சுவரில் ஒட்டி, "இவை நன்றாக இருந்தன, இவற்றில் இருப்பது எதுவும் சீட்டில் வரக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள்.

கன்னியாகுமரியில் சிறு தங்கும் விடுதி. வருகிறவர்கள் சூரிய உதயம் பார்த்துவிட்டு, பாறைக்குப் படகில் போய்வந்து, மத்தியானம் அறையைக் காலி செய்கிறார்கள். இன்னும் ஒரு நாள் தங்கவைக்க என்ன செய்யலாம் என்று ஐந்து பேர் யோசித்தோம். 15 நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது.
– வாசகி, கன்னியாகுமரி

15 நிமிஷத்தில் தீர்ந்தது சரக்கு இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான் தீர்ந்தது. முதலில் வருபவை பக்கத்து விடுதிக்கும் தோன்றியவை. அமைதி விழுந்தால் பதறாதீர்கள். இரண்டு நிமிஷம் அப்படியே விடுங்கள், பிறகு கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்.

"வந்தவர் மத்தியானத்துக்குள் ஓடிப்போக நாம் என்னென்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். ஆட்கள் உற்சாகமாக எழுதுவார்கள். மாலையில் எங்கே போவது என்று சொல்லாமல் இருக்கலாம். விடியற்காலை நாலரைக்கு எழுப்பிவிட்டு, பத்து மணிக்குத் தூக்கம் வரும் நேரத்தில் 'செக்அவுட்' என்று கதவைத் தட்டலாம். திங்கட்கிழமை வந்தவரிடம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகச் சொல்லலாம். அன்று அங்கே விடுமுறை. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் தலைகீழாக்குங்கள். உதயம் பார்த்தவர்களுக்குக் காலைச் சாப்பாடும் இரண்டு மணி நேரத் தூக்கமும் சேர்ந்த ஏற்பாடு. கிழமை பார்த்துப் போக வேண்டிய இடங்களின் அட்டை, அறைச் சாவியோடு. இதில் பாதியை நீங்கள் ஏற்கனவே தவறாகச் செய்துகொண்டிருப்பதும் தெரியவரும். அதுதான் இந்த முறையின் பெரிய லாபம்.

இரண்டாவது வழி, வேறொருவர் கண்ணால் பார்ப்பது. ஐந்து சீட்டில் ஐந்து ஆளை எழுதிக் குலுக்குங்கள்: முழங்கால் வலி உள்ள பாட்டி, ஆறு வயதுப் பையன், கல்யாணமாகி மூன்று நாள் ஆன தம்பதி, தனியாக வந்த போட்டோகிராபர், பஸ்ஸில் வந்த 40 பேர் குழு. யாருக்கு எந்தச் சீட்டு வந்ததோ, அவருக்காக மட்டும் 6 நிமிஷம் எழுத வேண்டும். பாட்டிக்காக யோசிக்கிறவர் மேடு ஏற வேண்டிய சிதறால் மலைக்கோயிலை எழுத மாட்டார்; காரை விட்டு இறங்கி உட்கார்ந்தபடியே அஸ்தமனம் பார்க்கிற இடத்தை எழுதுவார். போட்டோகிராபருக்காக யோசிக்கிறவர் விடியற்காலைத் தோவாளைப் பூச்சந்தையை எழுதுவார். அதற்கு முந்தின ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் கேள்விக்கான விடை அங்கேயே இருக்கிறது.

எத்தனை நேரம் இழுக்கலாம்? எழுதுகிற பகுதி மொத்தம் 40 நிமிஷம். அதற்கு மேல் வருபவை பெரும்பாலும் களைப்பில் வருபவை.

ஒட்டுச்சீட்டுகள் சுவரில் நிற்பதே இல்லை. எப்போது, எங்கே வைத்தால் நல்லது?
– வாசகர், குலசேகரம்

இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊரில் சுவரில் ஓதம் ஏறியிருக்கும். சுண்ணாம்புச் சுவரில் எந்தப் பசையும் பிடிக்காது. பிரவுன் தாளை மாஸ்கிங் டேப்பால் சுவரில் விரித்து, அதன்மேல் சீட்டை ஒட்டுங்கள். சீட்டை அடியிலிருந்து மேலே உரிக்காமல் பக்கவாட்டில் இழுத்து எடுத்தால் ஓரம் சுருளாது. ஃபேன் காற்றுக்கு நேரே சுவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நேரம், காலை பத்தரை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஆகவே ஆகாது. பழம்பொரியும் ரசவடையும் இடைவேளைக்கு வரட்டும். எழுதும்போது மேசையில் வைத்தால் சீட்டெல்லாம் எண்ணெய்.

எங்கள் குழுவில் மூன்று பேர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில், இரண்டு பேர் கருங்கலில் வீட்டிலிருந்து, ஒருவர் பெங்களூரில். வீடியோ காலில் பிரெயின்ஸ்டார்மிங் இன்னும் மோசமாக இருக்கிறது.
– வாசகி, திருவனந்தபுரம்

வீடியோ காலில் இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே இருவர் குரலும் கேட்காது. காத்திருப்பு இன்னும் நீளும். ஆகவே பேசுவதற்கு முன் எழுதுவது உங்களுக்குத்தான் எல்லாரையும்விட அவசியம். முந்தைய நாள் மாலை கேள்வியை அனுப்புங்கள். ஒவ்வொருவரும் பத்து ஐடியாவை ஒருங்கிணைப்பாளருக்குத் தனியாக அனுப்பட்டும். குழு வாட்ஸ்அப்பில் போட்டால் முதலில் போட்டவர் வழியிலேயே மற்றவர்களும் போவார்கள். ஒருங்கிணைப்பாளர் பெயர்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் கலந்து வைப்பார். வீடியோ காலில் முதல் 10 நிமிஷம் மைக்கை அணைத்துவிட்டு எல்லாரும் படித்து, பக்கத்துக் கட்டத்தில் வளர்த்து எழுதுங்கள். பேச்சு அதற்குப் பிறகுதான், 30 நிமிஷத்துக்கு மிகாமல். கரண்ட் போனவர் போனிலிருந்து எழுதலாம். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் அவர் கூட்டத்தை விட்டே போயிருப்பார்.

ஐடியா குறைவு என்பது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. போன மாதம் 96 சீட்டு வந்தது. ஓட்டுப் போட்டோம், சாதுவான ஒன்று ஜெயித்தது, அதையும் யாரும் செய்யவில்லை. சீட்டெல்லாம் அலமாரியில் கிடக்கிறது.
– வாசகர், வடசேரி (விளம்பர ஏஜென்சி)

96 சீட்டைப் பார்த்தவுடன் ஓட்டுக்குப் போனதுதான் முதல் தவறு. 96-ஐயும் யாராலும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க முடியாது. எது முன்பே பழக்கமோ, எது கண்ணுயரத்தில் ஒட்டியிருந்ததோ, அது ஜெயிக்கும்.

முதலில் தரையிலோ பெரிய மேசையிலோ எல்லாவற்றையும் பரப்புங்கள். ஜப்பானிய மானுடவியலாளர் கவாகிதா ஜிரோ தன் களக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த உருவாக்கிய வழி இங்கே உதவும். எல்லாரும் சுற்றி நின்று, பேசாமல், ஒன்றோடொன்று சேருவதாகத் தோன்றும் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்துங்கள். ஒருவர் வைத்ததை இன்னொருவர் நகர்த்தலாம். ஒரே சீட்டை இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தால், அதை நகல் எழுதி இரண்டு இடத்திலும் வையுங்கள். எங்கும் சேராத சீட்டைக் கட்டாயப்படுத்திச் சேர்க்காதீர்கள். தனியாக நிற்பதுதான் சில நேரம் சரக்குள்ளது. குவியல்களுக்குத் தலைப்பைக் கடைசியில் வையுங்கள், முழு வாக்கியமாக. 'சோஷியல் மீடியா' என்று முதலிலேயே தலைப்பு எழுதிவிட்டால் அது வெறும் அலமாரித் தட்டு. சீட்டுகளைப் படித்துவிட்டு 'வாங்கியவரே விளம்பரம் செய்யட்டும்' என்று எழுதினால் அது ஒரு சிந்தனை. 96 சீட்டுக்கு இதற்கு 25 நிமிஷம் ஆகும்.

பிறகு ஓட்டு. ஒரே நிறப் புள்ளி வைத்தால் சாதுவானதுதான் ஜெயிக்கும். யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை என்பதுதான் காரணம். ஆளுக்கு மூன்று பச்சை, ஒரு சிவப்பு கொடுங்கள். பச்சை, நாளைக்கே தொடங்கலாம் என்பதற்கு. சிவப்பு, பயமாக இருக்கிறது, ஆனால் விட மனசில்லை என்பதற்கு. எதற்கு எந்தப் புள்ளி என்று ஒவ்வொருவரும் முதலில் தன் தாளில் குறித்துக்கொண்டு, பின் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும். முதலாளி மட்டும் கடைசியில் ஒட்ட வேண்டும். பச்சையில் இரண்டு, சிவப்பில் ஒன்று என்று மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் ஒன்றை எடுப்பது கட்டாயம், எத்தனை ஓட்டு வாங்கியிருந்தாலும்.

அன்றே முடிவு செய்யாதீர்கள். மூன்றையும் மூன்று பேரிடம் கொடுத்து, ஒரு ராத்திரி விட்டு, ஆளுக்கு அரைப் பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். யாருக்காக, முதல் சோதனையை எத்தனை ரூபாயில் எத்தனை நாளில் செய்யலாம், எது நடந்தால் இது படுத்துவிடும். கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதாதவரிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். மறுநாள் 20 நிமிஷம் உட்கார்ந்து தாராளமாகக் குறை சொல்லுங்கள். இப்போது குறை ஒரு தாளின் மேல் விழுகிறது, ஆள் மேல் இல்லை. முடிவானதற்கு எதிரே ஒரே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். 'டீம்' என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். போன மாதம் உங்களுக்கு நடந்தது அதுதான்.

கைவிட்டதற்கான காரணத்தை எழுதியவருக்குச் சொல்லிவிடுங்கள், ஒரு வரி போதும். அது தெரியாமல் போனால் அடுத்த முறை அவர் பேனாவைத் திறக்க மாட்டார். மீதிச் சீட்டுகளை அலமாரியில் மொத்தமாகத் திணிக்காமல், குவியல் குவியலாகக் கவரில் போட்டு, மேலே அன்றைய கேள்வியையும் தேதியையும் எழுதுங்கள். அதே மாதிரி வேலை மறுபடி வரும்போது, ஆட்களைக் கூப்பிடும் முன் அந்தக் கவரைப் பிரித்துப் படியுங்கள்.